‘கீ’ என்றால் எந்தக் கீ?

ஆங்கிலத்தில் மூன்றெழுத்து, நம் எழுத்தில் ஒன்றே ஒன்று: கீ. பூட்டுக்கும் அதுதான், பியானோவுக்கும் அதுதான், மோட்டார் தண்டுக்கும், வினாத்தாளின் விடைப் பட்டியலுக்கும் அதுதான். இந்த ஒரு சொல்லைச் சுற்றி வந்த கேள்விகளை மட்டும் இம்முறை சேர்த்திருக்கிறோம். பதில்கள் அந்தந்த வேலை தெரிந்தவர்களுடையவை.

கேள்வி: மொழிபெயர்க்கும்போது ‘கீ’ வந்தாலே கை நின்றுவிடுகிறது. அகராதியில் சாவி, திறவுகோல், விசை, கட்டை, குறிப்பு என்று வரிசையாக இருக்கிறது. எதை எடுப்பது?

பதில்: அகராதி வரிசையை விடுங்கள். அந்தப் பொருள் அந்த இடத்தில் என்ன வேலை பார்க்கிறது என்று பாருங்கள். பூட்டில் நுழைந்து திரும்பினால் சாவி. கணினியில் விரலால் அமுக்கினால் விசை. அதே விரல் ஆர்மோனியத்தில் அமுக்கினால் கட்டை. வரைபடத்தின் மூலையில் நின்று ‘இந்தக் கோடு ரயில் பாதை, இந்த முக்கோணம் மலை’ என்று சொன்னால் குறிவிளக்கம். தேர்வுத் தாளுக்குப் பின்னால் வந்தால் விடைக்குறிப்பு. இரண்டு இரும்புக்கு நடுவே உட்கார்ந்து ஒன்றை ஒன்று நழுவவிடாமல் பிடித்தால், பட்டறையில் அதற்குப் பெயர் கீதான். அதை அப்படியே விட்டுவிடலாம்.

இன்னொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடைமொழியாக வந்து நின்றால் ‘முக்கிய’ என்பதே போதும். ‘கீ பாயிண்ட்’ என்பதைத் ‘திறவுகோல் புள்ளி’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். படிப்பவருக்குத் திறக்க வேண்டியதை அது பூட்டித்தான் வைக்கிறது.

சாவி நம் சொல் அல்ல, போர்த்துகீசியர் கொண்டுவந்தது. அவர்களுடைய ‘சாவெ’, லத்தீன் ‘கிளாவிஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அதே கிளாவிஸ்தான் மேலைச் சங்கீதத் தாளில் ஐந்து கோட்டின் தொடக்கத்தில் சுருண்டு நிற்கும் ‘கிளெஃப்’ என்ற குறிக்கும் பெயர் கொடுத்தது. ஆக, நம் இடுப்பில் செருகிய சாவியும் பியானோக்காரர் தாளில் இருக்கும் கிளெஃபும் ஒன்றுவிட்ட உறவு. நம்முடைய பழைய சொல் திறவுகோல். இலங்கைத் தமிழில் இன்றும் வீட்டுச் சாவி ‘திறப்பு’தான்.

கேள்வி: ‘கீ ஆஃப் சக்ஸஸ்’ என்று எழுதினேன். ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். ‘வெற்றியின் திறவுகோல்’ என்பதற்கு அதுதானே வர வேண்டும்?

பதில்: உங்களை இழுத்துவிட்டது அந்த ‘இன்’ உருபு. ஆங்கிலத்தில் ‘கீ டு சக்ஸஸ்’தான். நினைவில் வைக்க எளிய வழி இருக்கிறது. ‘இந்தப் பூட்டுக்குச் சாவி எங்கே?’ என்றுதான் நாமும் கேட்கிறோம், ‘பூட்டின் சாவி’ என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. அந்தக் ‘கு’ வரும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘டு’ வரும் என்று பிடித்துக்கொள்ளுங்கள். கதவுக்குச் சாவி, புதிருக்கு விடை, வெற்றிக்கு வழி: மூன்றுக்கும் ‘கீ டு’.

இங்கே இன்னொரு குழி உண்டு. இந்த ‘டு’வுக்குப் பின் வினை வந்தால் ‘இங்’ சேர வேண்டும். ‘தி கீ டு வின்னிங்’ சரி. ‘தி கீ டு வின்’ பிழை. ‘டு’ என்றதும் கை பழக்கத்தில் வினையடியை எழுதிவிடும், அங்கேதான் மதிப்பெண் போகும்.

‘கீ ஆஃப்’ ஒரே ஒரு இடத்தில் கம்பீரமாக வரும், சங்கீதத்தில். ‘இன் தி கீ ஆஃப் டி’ என்றால் டி சுருதியில் என்று பொருள். அறை, கார் போன்ற கைக்கு எட்டும் பொருள்களுக்குக் ‘கீ ஃபார்’ என்றும் பேச்சில் சொல்வார்கள், தவறில்லை. ஆனால் வெற்றி, மகிழ்ச்சி, ரகசியம் என்று கைக்கு எட்டாதவை வந்துவிட்டால் ‘டு’வை விட்டு நகராதீர்கள்.

கேள்வி: டூப்ளிகேட் சாவி வெட்டிக்கொண்டு வந்தேன். சில நேரம் திறக்கிறது, சில நேரம் பாதியில் நிற்கிறது. சாவியின் குறையா, பூட்டின் குறையா?

பதில்: முதலில் ஒரு சோதனை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தாழ்ப்பாள் நாக்கு எதிலும் படாத நிலையில் சாவியைத் திருப்பிப் பாருங்கள். அப்போது வெண்ணெய் மாதிரி திரும்பினால் சாவியும் குற்றவாளி இல்லை, பூட்டும் இல்லை. நிலையில் இருக்கும் தகட்டின் துளைக்கு நேராக நாக்கு வரவில்லை, கதவு தொங்கியிருக்கிறது. கீல் திருகுகளை இறுக்குங்கள், போதாவிட்டால் தகட்டை நகர்த்துங்கள்.

திறந்த கதவிலும் தகராறு என்றால் சாவியைப் பார்க்கலாம். இன்று வீடுகளில் பெரும்பாலும் இருப்பது, லைனஸ் யேல் என்ற அமெரிக்கர் 1860-களில் காப்புரிமை பெற்ற குண்டூசிப் பூட்டின் வாரிசு. உள்ளே ஒரு உருளை. அதைத் திரும்பவிடாமல் பொதுவாக ஐந்து அல்லது ஆறு ஜோடி ஊசிகள் மேலிருந்து ஸ்பிரிங்கால் அமுங்கி நிற்கும். ஒவ்வொரு ஜோடியும் மேல் ஊசி, கீழ் ஊசி என்று இரண்டு துண்டு. சாவியின் பள்ளங்கள் ஒவ்வொரு கீழ் ஊசியையும் வேறு வேறு உயரத்துக்குத் தூக்குகின்றன. எல்லா ஜோடிகளின் பிரிவுக்கோடும் உருளையின் விளிம்போடு ஒரே நேர்கோட்டில் வந்த கணம்தான் உருளை திரும்பும். ஒரு ஊசி முடியளவு மேலே போனாலும் கீழே நின்றாலும் திரும்பாது.

பள்ளத்தின் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள வித்தியாசமே ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். அதனால்தான் டூப்ளிகேட்டைப் பார்த்து இன்னொரு டூப்ளிகேட் வெட்டக் கூடாது. முதல் நகலில் விழுந்த சிறு பிழையோடு அடுத்த நகலின் பிழையும் கூடும். தேய்ந்த பழைய சாவியைக் கொடுத்தால் எந்திரம் அந்தத் தேய்மானத்தையும் சேர்த்துத்தான் நகலெடுக்கும். பயன்படுத்தாமல் வைத்திருக்கும் மூலச் சாவியைக் கொடுத்து வெட்டச் சொல்லுங்கள்.

வெட்டும்போது நடக்கும் இன்னொரு தவறு, சாவியின் ‘தோள்’ சரியாக முட்டாமல் இறுக்குவது. விரலால் பிடிக்கும் தலைக்கும் பூட்டுக்குள் போகும் அலகுக்கும் நடுவே படிபோல் நிற்கிறதே, அதுதான் தோள். மூலச் சாவியும் வெற்றுச் சாவியும் எந்திரத்தில் தோளை முட்டி நிற்க வேண்டும். ஒன்று சற்றுத் தள்ளி நின்றால் பள்ளங்கள் எல்லாமே ஒரே அளவு முன்னால் போய்விடும். இப்படி வெட்டிய சாவியைக் கண்டுபிடிக்க வழி: உள்ளே முழுதாகச் செருகி, மிக லேசாக வெளியே இழுத்துக்கொண்டே திருப்புங்கள். அந்த நிலையில் திறந்தால் பள்ளங்கள் இடம் மாறியிருக்கின்றன, புதிதாக வெட்டுவதே மேல். இரண்டு சாவியையும் முதுகோடு முதுகு ஒட்டி வெளிச்சத்தில் பிடித்தாலும் தெரிந்துவிடும்.

வெட்டிய விளிம்பில் பிசிறு இருந்தால் மெல்லிய அரத்தால் பக்கவாட்டில் மட்டும் ஒருமுறை தடவுங்கள். பள்ளத்தின் அடியைத் தொடாதீர்கள். பூட்டுக்குள் சமையல் எண்ணெய் விடவே கூடாது. இரண்டு நாள் வழவழவென்று போகும், பிறகு தூசியோடு சேர்ந்து பிசினாகி ஊசிகளை அங்கங்கே ஒட்டவைக்கும். கிராஃபைட் தூள் போதும். அவசரத்துக்கு மெத்தென்ற பென்சில் முனையைச் சாவியின் இரு பக்கமும் தேய்த்துச் சிலமுறை உள்ளே விட்டு எடுங்கள்.

கேள்வி: பாட்டு வகுப்பில் ‘நாலரைக் கட்டை’ என்கிறார்கள், கீபோர்டு வகுப்பில் ‘எஃப் ஷார்ப்’ என்கிறார்கள். இரண்டும் ஒன்றா? ‘கீ’ என்பதற்குக் கட்டை என்று எழுதலாமா?

பதில்: இந்த ஒரு இடத்தில் தமிழ் ஆங்கிலத்தோடு அச்சாகப் பொருந்துகிறது. ஆர்மோனியத்தில் விரல் அமுக்கும் மரத்துண்டு கட்டை; அது எழுப்பும் சுருதிக்கும் கட்டை என்றே பெயர். ஆங்கிலத்திலும் அமுக்குவது கீ, சுருதியும் கீ.

கணக்கு இப்படி. வெள்ளைக் கட்டைகளை சி-யிலிருந்து 1, 2, 3 என்று எண்ணுங்கள். சி 1, டி 2, ஈ 3, எஃப் 4, ஜி 5, ஏ 6, பி 7. நடுவே நிற்கும் கறுப்புக் கட்டைகள் அரைகள்: ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. எனவே எஃப் ஷார்ப் நாலரைக் கட்டையேதான். மூன்றரை, ஏழரை என்று கட்டை கிடையாது. ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவில் கறுப்பு இல்லை, பி-க்கும் அடுத்த சி-க்கும் நடுவிலும் இல்லை. ‘மூன்றரைக் கட்டையில் பாடுவார்’ என்று யாராவது எழுதியிருந்தால் அவர் ஆர்மோனியத்தைப் பார்த்ததில்லை.

பலர் வழுக்கி விழும் இடமும் இதுதான். பாட்டு நாலரையில் இருக்கிறது, பாடுகிறவருக்கு இரண்டு வேண்டும். நாலரையில் இரண்டு போனால் இரண்டரை, அதாவது ஐந்து அரை, எனவே கீபோர்டில் டிரான்ஸ்போஸ் (எல்லாக் கட்டைகளின் சுருதியையும் ஒரே அளவு ஏற்றி இறக்கும் வசதி) மைனஸ் 5 என்று அமுக்கிவிடுவார்கள். தப்பு. எஃப் ஷார்ப்பிலிருந்து இறங்கி எண்ணுங்கள்: எஃப், ஈ, டி ஷார்ப், டி. நாலு படிதான், மைனஸ் 4. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே ஒரு முழுக் கட்டை தெரிந்தாலும் சுருதியில் அது ஒரே ஒரு படி. எழுத்துக் கணக்கை நம்பாமல் விரலால் கட்டையைத் தொட்டு எண்ணுவதே பாதுகாப்பு. கச்சேரி முடிந்ததும் டிரான்ஸ்போஸைச் சுழிக்குக் கொண்டுவர மறக்காதீர்கள். அடுத்து வாசிக்கிறவர் சி-யை அமுக்க வேறு ஏதோ ஒலிக்கும்.

மொழிபெயர்ப்பில் ஒரு எச்சரிக்கை. கட்டை என்பது ஆதார ஷட்ஜம், அதாவது ‘ஸ’, எங்கே என்று மட்டும் சொல்லும். மேலைச் சங்கீதத்தின் கீ அதோடு மேஜரா மைனரா என்பதையும் சேர்த்துச் சொல்லும். ‘சி மைனர்’ என்பதை ‘ஒரு கட்டை’ என்று மட்டும் எழுதினால் பாதிதான் வந்தது. ஸ்வர வரிசை அளவில் மேஜர் நம் சங்கராபரணத்தோடும், இயல்பான மைனர் நடபைரவியோடும் ஒத்துப்போகும். வரிசைதான் ஒன்று, ராகம் என்று சொல்லிவிட்டால் வித்வான்கள் அடிக்க வருவார்கள்.

தாளின் தொடக்கத்தில் இருக்கும் ஷார்ப் குறிகளைப் பார்த்துக் கீ கண்டுபிடிக்கவும் குறுக்குவழி உண்டு. கடைசி ஷார்ப்புக்கு ஒரு படி மேலே போனால் மேஜர் கீ. எஃப், சி, ஜி என மூன்று ஷார்ப் இருந்தால் கடைசி ஜி ஷார்ப், அதற்கு ஒரு படி மேலே ஏ: ஆறு கட்டை மேஜர். அதே மூன்று குறியோடு மைனர் என்றால் அங்கிருந்து மூன்று படி கீழே, எஃப் ஷார்ப்: நாலரைக் கட்டை மைனர். எது என்பதைப் பாட்டு எந்த ஸ்வரத்தில் வந்து ஓய்கிறது என்று கேட்டு முடிவு செய்யுங்கள். ஃபிளாட் குறிகள் என்றால் கடைசிக்கு முந்தையதே கீயின் பெயர். ஒரே ஒரு ஃபிளாட் இருந்தால் எஃப்.

கேள்வி: ‘கீநோட் அட்ரஸ்’ என்பதற்கும் இந்தச் சுருதிக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. கீநோட் என்றால் ஆதார ஸ்வரம். மாநாட்டின் மற்றப் பேச்சுகளுக்குச் சுருதி சேர்த்துக் கொடுக்கும் உரை என்பதால் அந்தப் பெயர். ‘முதன்மை உரை’ என்று எழுதலாம். அதைக் கடைசி நாள் மாலையில் வைக்கிறவர்கள், கச்சேரி முடிந்ததும் தம்பூரா மீட்டுகிறவர்கள்.

கேள்வி: 28 மி.மீ. மோட்டார் தண்டில் இருக்கும் புல்லியின் கீ அடிக்கடி நசுங்கிவிடுகிறது. கடினமான எஃகில் செய்து போடலாமா?

பதில்: போடாதீர்கள். தண்டு, கீ, புல்லி மூன்றில் மலிவானது கீ. சுமை மீறினால் முதலில் போக வேண்டியதும் அதுவே. கடினமாக்கிப் போட்டால் அடுத்த முறை தண்டில் கீ உட்காரும் பள்ளமான காடிதான் விரியும். அப்போது செலவு வேறு கணக்கு.

கீ நசுங்குவதற்குப் பெரும்பாலும் வலுக்குறைவு காரணமில்லை; தளர்ச்சிதான் காரணம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 கிலோவாட் மோட்டார், நிமிடத்துக்கு 1,440 சுற்று என்றால் முறுக்கு விசை சுமார் 26.5 நியூட்டன் மீட்டர். தண்டின் ஆரம் 14 மி.மீ. என்பதால் கீயின் மேல் விழும் தள்ளுவிசை ஏறக்குறைய 1,900 நியூட்டன். 8 மி.மீ. அகலம், 40 மி.மீ. நீளமுள்ள கீயில் வெட்டுப் பரப்பு 320 சதுர மி.மீ.; ஆக ஒரு சதுர மி.மீட்டருக்கு 6 நியூட்டன்தான். சாதாரண மென் எஃகே இதைப் போலப் பல மடங்கு தாங்கும். ஆனால் காடிக்கும் கீக்கும் நடுவே ஆட்டம் இருந்தால், ஒவ்வொரு முறை மோட்டார் புறப்படும்போதும் நிற்கும்போதும் அது சுத்தியல் அடி. பழைய கீயைக் கழற்றும்போது காடியில் செம்பழுப்புத் தூள் இருந்ததா? இருந்தால் ஆட்டம் நெடுநாளாக இருக்கிறது.

சரியான அளவு: தண்டு 22-க்கு மேல் 30 மி.மீ. வரை இருந்தால் கீ 8 அகலம், 7 உயரம். 30-க்கு மேல் 38 வரை 10-க்கு 8. அதற்கு மேல் 44 வரை 12-க்கு 8. உங்கள் 28 மி.மீ. தண்டில் காடியின் ஆழம் 4 மி.மீ., புல்லியில் 3.3 மி.மீ. இரண்டையும் கூட்டினால் 7.3, கீயின் உயரம் 7. மேலே 0.3 மி.மீ. இடைவெளி மிஞ்சுகிறது பாருங்கள். அது குறையல்ல, வேண்டுமென்றே விட்டது. இந்த வகைக் கீ பக்கவாட்டு முகங்களால்தான் சுமையைத் தாங்குகிறது. அந்த இடைவெளியைப் பார்த்துப் பயந்து மேலே தகட்டுத் துண்டு செருகுகிறவர்கள் உண்டு. புல்லி ஒரு பக்கம் தள்ளப்பட்டு மையம் விலகும், பெல்ட் ஆடும், பேரிங் போகும். பக்கவாட்டுத் தளர்ச்சியோ அப்படியே இருக்கும்.

காடி விரிந்திருந்தால் கீயில் பஞ்ச் குத்திப் புடைக்க வைப்பது ஒரு வாரத்துக்குத்தான் தாங்கும். தண்டில் வேறொரு பக்கம் புதுக் காடி வெட்டுவதோ, கீழே ஒரு அகலம் மேலே ஒரு அகலம் வைத்துப் படிக் கீ செய்வதோதான் நிற்கும். ஒரு பக்கம் தலை வைத்து, நூறுக்கு ஒன்று சரிவாக இருக்கும் ஆப்புக் கீ வேறு இனம். அது மேலும் கீழும் இறுகித்தான் பிடிக்கும். மேலே சொன்ன இடைவெளிக் கணக்கை அதற்குப் பொருத்தாதீர்கள்.

கேள்வி: ஆலன் கீயால் திருகும்போது அறுகோணக் குழி வட்டமாகிவிடுகிறது. ஏன்?

பதில்: அங்குல அளவுக் கீயை மி.மீ. குழியில் போட்டிருப்பீர்கள். 3/16 அங்குலம் என்பது 4.76 மி.மீ.; 5 மி.மீ. குழியில் உட்காரும், ஆனால் மூலைகளை மட்டும் கடிக்கும். எம் 5 போல்ட்டுக்கு 4, எம் 6-க்கு 5, எம் 8-க்கு 6, எம் 10-க்கு 8 மி.மீ. கீ. குழியில் அடைந்த பெயிண்டையும் மண்ணையும் ஊசியால் குத்தி எடுத்துவிட்டுக் கீயை அடிவரை இறக்குங்கள். கீயின் முனை உருண்டிருந்தால் அந்த முனையை ஒரு மி.மீ. அளவு தேய்த்துத் தட்டையாக்கினால் புது மூலை கிடைக்கும். டிரில்லில் துளையிடும் அலகைப் பிடிக்கும் சக்கை இறுக்கும் கருவிக்கும் கீ என்றே பெயர். அதைச் சக்கில் விட்டுவிட்டு சுவிட்சைப் போடாதீர்கள், பறந்து வந்து முகத்தில் அடிக்கும்.

கேள்வி: கணினிப் பாதுகாப்பில் ‘பப்ளிக் கீ’ என்கிறார்கள். சாவியைப் பொதுவில் வைத்தால் பூட்டு எதற்கு?

பதில்: நியாயமான சந்தேகம். பழைய முறையில் பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி. உயிரெழுத்துகளை மூன்று இடம் தள்ளி எழுதுவதாக வைத்துக்கொள்வோம்: அ-வுக்கு ஈ, ஆ-வுக்கு உ. இங்கே ‘தள்ளி எழுதுவது’ முறை. ‘மூன்று’ என்பது கீ. முறை ஊருக்கே தெரிந்தாலும் கீ மட்டும் ரகசியமாக இருந்தால் காப்பு நிற்க வேண்டும் என்று மறையெழுத்து அறிஞர் கெர்க்கோஃப்ஸ் 1883-லேயே எழுதிவிட்டார். நம் உதாரணம் அதில் தோற்கும்; 12 உயிருக்கு 11 கீதான் இருக்க முடியும், அரை நிமிடத்தில் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடலாம். இன்று புழங்கும் ஏஇஎஸ் முறையில் மிகச் சிறிய கீயே 128 பிட். அதில் எத்தனை கீ சாத்தியம் என்று எழுதினால் 39 இலக்க எண் வரும்.

ஆனால் அந்த ஒரே சாவியை எதிர்முனைக்கு எப்படிக் கொடுத்தனுப்புவது? வழியில் யாராவது பார்த்துவிட்டால் போச்சு. இந்தச் சிக்கலுக்கு 1976-ல் டிஃபியும் ஹெல்மனும் வழி காட்டினார்கள். 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் செய்து காட்டிய ஆர்எஸ்ஏ முறையில் சாவி இரண்டு. பொதுச் சாவி பூட்ட மட்டும் செய்யும். அதனால் பூட்டியதை அதனாலேயே திறக்க முடியாது. திறப்பது உங்களிடம் மட்டும் இருக்கும் தனிச் சாவி. பொதுச் சாவியை ஊருக்கே கொடுக்கலாம், அதை வைத்து உங்களுக்குக் கடிதம் பூட்டி அனுப்ப முடியுமே தவிரப் படிக்க முடியாது.

இதனால்தான் ‘பொதுத் திறவுகோல்’ என்ற மொழிபெயர்ப்பு எனக்கு ஒப்பவில்லை. எதையும் திறக்காத ஒன்றுக்குத் திறவுகோல் என்று பேர் வைப்பது எப்படி? சாவி என்றால் பூட்டவும் ஆகும், திறக்கவும் ஆகும்.

தகவல்தளத்தில் வரும் ‘பிரைமரி கீ’ இதற்கு உறவில்லாத ஆள். அது எதையும் பூட்டுவதில்லை. ஆயிரம் வரிசையில் ஒரே ஒரு வரிசையைச் சுட்டிக்காட்டும் அடையாளம். இரண்டு வரிசைக்கு ஒரே மதிப்பு வரக் கூடாது, காலியாகவும் இருக்கக் கூடாது. புதிதாகச் செய்கிறவர்கள் கைப்பேசி எண்ணை அப்படி வைத்துவிடுவார்கள். அப்பாவும் மகளும் ஒரே எண்ணைக் கொடுப்பார்கள், இரண்டாவது பதிவு நிராகரிக்கப்படும். எண்ணை மாற்றினால் மற்ற அட்டவணைகளில் அதைச் சுட்டிய பதிவுகளையெல்லாம் சேர்த்து மாற்ற வேண்டும். பொருளே இல்லாத வரிசை எண் ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கைப்பேசி எண்ணைச் சாதாரணத் தகவலாக வைப்பதே நிம்மதி.

கேள்வி: கட்டட வேலைக் குறிப்பில் ‘பூச்சுக்குக் கீ இருக்க வேண்டும்’ என்று படித்தேன். சுவருக்கு என்ன சாவி?

பதில்: அங்கே கீ என்றால் பிடிமானம். வழவழப்பான கான்கிரீட் மேல் நேராகப் பூசினால் பூச்சு ஒட்டினாற்போல நின்று, பிறகு பாளமாகக் கழலும். அதனால்தான் கொத்தனார்கள் கூர் உளியால் சுமார் 3 மி.மீ. ஆழத்துக்கு நெருக்கமாகக் கொத்திவிடுகிறார்கள். செங்கல் சுவர் என்றால் இணைப்புக் கலவை காய்ந்து இறுகும் முன்பே 10 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டிவிட வேண்டும். பூச்சு அந்தப் பள்ளத்துக்குள் போய்ப் பிடித்துக்கொள்ளும். இரண்டு கைப் பூச்சானால், முதல் கை ஈரமாக இருக்கும்போதே அலை அலையாகக் கீறிவிடுவார்கள். கொத்திய பொடியைப் பெருக்கிக் கழுவாமல் பூசுவதுதான் வழக்கமான தவறு. பூச்சு சுவரைப் பிடிக்காமல் பொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். விரல் முட்டியால் தட்டினால் ‘டொக்’ என்று வெற்றொலி வரும் இடமெல்லாம் அப்படித்தான். பளபளப்புப் பெயிண்ட் மேல் மறுபூச்சு அடிக்குமுன் உப்புத்தாள் தேய்ப்பதும் இதற்கே. 180-லிருந்து 240 எண் தாளால் பளபளப்பு மங்கும் வரை தேய்த்தால் போதும், பழைய பெயிண்டையே உரிக்க வேண்டியதில்லை.

கேள்வி: ‘லோ கீ’ திருமணம், ‘லோ கீ’ புகைப்படம்: இரண்டும் ஒரே பொருளா?

பதில்: இல்லை. திருமணம் என்றால் ஆரவாரமில்லாதது. புகைப்படம் என்றால் பெரும்பகுதி இருட்டாக, சில இடங்களில் மட்டும் ஒளி விழுந்தது. அதற்கு எதிர் ‘ஹை கீ’, எங்கும் வெளிச்சம். ‘டர்ன்கீ’ என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: முழு வேலையையும் முடித்துச் சாவியைக் கையில் கொடுக்கும் ஒப்பந்தம். ‘கீஹோல்’ அறுவை என்றால் சாவித்துளைக்கும் அதற்கும் உறவு அளவில் மட்டுமே. சிறு துளைகள் வழியாகக் கருவியை விட்டுச் செய்வது, ‘நுண்துளை அறுவை’ என்று எழுதலாம்.

கேள்வி: அமெரிக்காவில் ‘ஃப்ளோரிடா கீஸ்’ என்று ஒரு தீவுக்கூட்டம். எதற்குச் சாவி?

பதில்: எதற்கும் இல்லை. ஸ்பானிஷ் மொழியில் சிறு தீவு, மணல்திட்டுக்குக் ‘காயோ’ என்று பெயர். அது ஆங்கிலேயர் வாயில் கீ ஆயிற்று. அங்குள்ள ‘கீ வெஸ்ட்’ ஊரின் பழைய ஸ்பானிஷ் பெயர் ‘காயோ வெஸோ’, எலும்புத் தீவு. எலும்பு என்ற ‘வெஸோ’ ஆங்கிலக் காதில் மேற்கு என்று விழுந்துவிட்டது. கப்பல் வந்து நிற்கும் துறைமேடைக்கும் ஆங்கிலத்தில் ‘கீ’ என்றே உச்சரிப்பு. எழுத்து மட்டும் ‘கியூ’வில் தொடங்கும். காதால் கேட்டு எழுதும் தேர்வில் கப்பல் வந்தால் அந்தக் கீயை எழுதுங்கள்.